வெள்ளையடிக்க நாற்பத்தைந்து ரூபாய்

பேத்திக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று சென்னையில், மற்றது திருநெல்வேலியில். கல்விக் கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, விடுதிக்கு எவ்வளவு என்று மகன் செல்பேசியிலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். அதை நான் ஒரு தாளில் எழுதி மறுபடி கூட்டிப் பார்த்தேன். மாத்திரைப் பட்டையில் மிச்சம் எத்தனை என்று காலையும் மாலையும் எண்ணுகிறவன் நான், இதை விடுவேனா? சென்னைக்குக் கீழே ‘இதரச் செலவு’ என்று நாற்பதாயிரம் ரூபாய் இருந்தது. திருநெல்வேலிக்குக் கீழே அப்படி ஒன்று இல்லை.

“ஏலே, இதரன்னா என்னலே?” என்று மகனிடம் கேட்டேன்.

“இதரன்னா இதரதான்ப்பா” என்றான்.

 அந்த வாரத்தில் அன்றைக்குத்தான் பேத்தி மூன்றாவது தோசை கேட்டாள்.

அந்த நாற்பதாயிரத்தைப் பார்த்ததும் எனக்கு வேறொரு நாற்பத்தைந்து ரூபாய் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. குற்றாலத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குத் தென்காசியில் பாத்திரக்கடை. காலை பஸ்ஸில் போய் ராத்திரி பஸ்ஸில் வருவார். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் எங்கள் தெருவில் யாரும் தங்கள் வீட்டில் இருப்பதில்லை. முன்கட்டு மூன்று அறைகளையும் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் அடுக்களையிலும் பின்கட்டிலும் ஒடுங்கிக்கொள்வோம். ஒரு அறைக்கு நாளொன்றுக்கு ஏழு ரூபாய். அந்த ஒன்றரை மாதம் சொந்த வீட்டு வாசல் வழியாக நுழையக்கூட எங்களுக்கு உரிமை கிடையாது. கொல்லை வழியாகத்தான் வரவேண்டும்.

அந்த வருஷம் சீசனும் அண்ணனின் காலேஜும் ஒன்றாக வந்தன. பாளையங்கோட்டையில் அத்தை வீட்டில் தங்கி பி.யு.சி. படித்து முடித்திருந்தான் அண்ணன். நல்ல மார்க். அதே பாளையங்கோட்டையில் தாவர இயல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கட்டவேண்டிய சம்பளம் கொஞ்சம், சோறு அத்தை வீட்டில். இதற்கிடையில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தானே விண்ணப்பம் வாங்கி வந்து, தானே பூர்த்தி செய்து, அண்ணனிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக் கோயம்புத்தூர் இஞ்சினியரிங் காலேஜுக்கு அனுப்பியிருந்தார். அங்கேயும் இடம் வந்துவிட்டது. ஐந்து வருஷப் படிப்பு. ஆடி பிறப்பதற்குள் முதல் தவணையும் விடுதி முன்பணமுமாக முந்நூற்றைம்பது ரூபாய் கட்டியாகவேண்டும்.

இடம் கிடைத்ததாக அட்டை வந்த அன்றே மாமா தென்காசி முழுவதும் சொல்லிவிட்டார். பாத்திரக்கடைக்கு ஒரு குடம் வாங்க வந்தவர்கள்கூட, “மவன் இஞ்சினியராமே அண்ணாச்சி” என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா அதற்குள் ‘ஆமாம்’ என்று சொல்லப் பழகியிருந்தார். ‘இல்லை’ என்று சொல்லத்தான் வழியில்லாமல் போயிற்று.

“அத்தான், மருமவன் படிச்சு வந்துட்டான்னா நம்மளப் பாத்துத் தென்காசியில பஸ்ஸு தானா நிக்கும்” என்றார் மாமா.

“இப்பவே கைகாட்டுனா நிக்கத்தானே செய்யுது மாப்ள” என்றார் அப்பா.

பணத்துக்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். வடகரையில் அவளுக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்த ஒன்றரை ஏக்கர் வயல் இருந்தது. அதை ஒத்திக்கு வைத்துப் பணம் வாங்கினால் ஐந்து வருஷமும் கவலையில்லை. விளைச்சலை மட்டும் பணம் கொடுத்தவன் எடுத்துக்கொள்வான்.

“திருப்ப முடியலேன்னா?” என்றார் அப்பா.

“பிள்ளைக்குத்தானே.”

“அது ஒங்கப்பா ஒனக்குக் குடுத்தது. அதுமேல ஏறி நின்னு எவனும் இஞ்சினியராவ வேண்டாம்.”

மாமா வாயைத் திறப்பதற்குள் அப்பா ஒரு தீர்ப்புச் சொன்னார். “அருவி முடிவு பண்ணட்டும். சீசன் வாடகையில முந்நூத்தம்பது தேறிட்டா கோயம்புத்தூர். தேறலையா, பாளையங்கோட்டை. வயலத் தொட வேண்டாம், கடன் வாங்க வேண்டாம்.”

“மத்த நாலு வருசத்துக்கு?” என்றாள் அம்மா.

“மத்த நாலு வருசமும் அருவியில தண்ணி விழாமலா போயிரும்?” என்று அப்பாவுக்கு முன்பாக மாமா பதில் சொன்னார்.

அண்ணனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் சொல்லுகிற ஆள் இல்லை. சீசனில் எங்கெங்கிருந்தோ காலேஜ் மாணவர்கள் தகரப்பெட்டியோடு செடி சேகரிக்க வருவார்கள். அவர்களுக்கு முன்னால் செண்பகாதேவி அருவிக்குப் போகும் மலைப்பாதையில் ஏறிப் போவது அண்ணனாகத்தான் இருக்கும். அடுக்களையில் அரிசிப் பெட்டிக்கு அடியில் செய்தித்தாள் மடிப்புகளுக்குள் இலைகளை வைத்து அழுத்தியிருப்பான். அரிசி அளக்கப் போகும்போதெல்லாம் அம்மா திட்டுவாள். இயந்திரத்தின்மேல் ஆசை வரட்டும் என்று மாமா ஒருநாள் அவனைச் செங்கோட்டையில் ஒரு அரிசி ஆலைக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்ததும், “இஞ்சினப் பாத்தியாலே? எப்படி இருந்துச்சு?” என்று அப்பா கேட்டார்.

“பெருசா இருந்துச்சுப்பா” என்றான் அண்ணன். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பெரணிச் செடியைப் பதமாக எடுத்தான். “இது அந்த இஞ்சின் ரூமுச் சொவத்துல மொளைச்சிருந்துச்சு. சூட்டுலயும் ஈரத்துலயும் நிக்குது பாருங்க.”

மாமா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா செடியை வாங்கி விளக்குப் பக்கத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் ராத்திரி கடையிலிருந்து வரும்போது பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து அரிசிப் பெட்டிமேல் வைத்தார். பாத்திரம் பொதிகிற தாளில் கிழிந்த துண்டைக்கூட எங்களுக்குத் தராதவர் அவர். அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது, வேறொன்றும் தோன்றவில்லை.

எனக்கு வேண்டியது அண்ணனின் சைக்கிள். அண்ணன் பாளையங்கோட்டைக்குப் போனால் அத்தை வீட்டிலிருந்து காலேஜுக்குப் போக சைக்கிளும் கூடப் போகும். கோயம்புத்தூர் என்றால் விடுதி, சைக்கிள் எனக்கு. ஆகவே குற்றாலத்தில் மாமாவுக்கு அடுத்தபடியாக அண்ணன் இஞ்சினியர் ஆகவேண்டும் என்று விரும்பியவன் நான்தான்.

பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் ஆள் பிடித்து வரவேண்டும். மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். “நான் போறேன் அத்தான். ஒரே நாள்ல மூணு ரூமையும் ரொப்பிக் காட்டுதேன்.” அவரால் முடியும். மாமா பேசினால் ஊருக்குத் திரும்பிப் போக பஸ் ஏறினவர்களும் இறங்கி வருவார்கள்.

“நீ வேண்டாம் மாப்ள. பெரியவன் போகட்டும். அவன் படிப்புக்குத்தானே, அவனே நிக்கட்டும்” என்றார் அப்பா. எனக்கு, “நீயும் கூடப் போ. எத்தனை பேரு வந்தாவ, எத்தனை பேரு தங்குனாவன்னு எண்ணிச் சொல்லணும்” என்று உத்தரவு. எண்ணுகிற உத்தியோகம் அன்றைக்கு எனக்குக் கிடைத்தது. இன்றுவரை யாரும் என்னை ஓய்வு கொடுத்து அனுப்பவில்லை.

அண்ணன் ஆள் பிடித்த விதத்தைச் சொல்லவேண்டும். முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர் கோவில்பட்டிக்காரர், மனைவியும் இரண்டு குழந்தைகளும் கூட.

“அண்ணாச்சி, ரூம் இருக்கு. நல்ல ரூம்தான்” என்று ஆரம்பித்தான் அண்ணன். “ஆனா ஓடு கொஞ்சம் ஒழுகும். ஒழுகுற எடம் எனக்குத் தெரியும், அங்கன வாளி வச்சுத் தாரேன்.”

“சரி, வேறென்ன?”

“ராத்திரி தேளு வரும். சின்னத் தேளுதான். செருப்ப மட்டும் தட்டிட்டுப் போட்டுக்கிடணும். கொல்லையில அட்டை உண்டு, உப்பு தாரோம்.”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி குழந்தைகளைப் பார்த்தாள். “ஏன் தம்பி, நீ ரூமுக்கு ஆள் கூப்பிட வந்தியா, வந்தவன வெரட்ட வந்தியா?” என்று கேட்டார் அவர்.

“எதுத்த வீட்டுலயும் ரூம் உண்டு அண்ணாச்சி. அங்க போன வருசந்தான் ஓடு மாத்துனாங்க” என்று வழியும் காட்டினான் அண்ணன்.

தினமும் இப்படித்தான். அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, தெருவில் எண்ணெய் மணக்கிறது, எதிர் வீட்டில் மாட்டுத் தொழுவம்வரை ஆட்கள். எங்கள் வீட்டில் மூன்று அறைகளில் ஒன்றில் விளக்கு எரிந்தால் அதிகம். எதிர் வீட்டுக்காரர் நன்றியோடு ஒரு பலாப்பழம் அனுப்பினார். நானும் தின்றேன், இருபது சுளை.

ராத்திரி அப்பாவிடம் கணக்கை ஒப்பித்துவிட்டுக் கூடவே புகாரும் சொன்னேன். “அப்பா, வாரவுககிட்டயெல்லாம் தேளு வரும்னு சொல்லுதான்ப்பா.”

“இல்லாததையா சொல்லுதான்? போன வருசம் ஒன்னையே கொட்டுச்சேலே.”

“மாமாவ அனுப்புங்க.”

“அவன் போனா வீட்டுல குளிக்க அருவியே இருக்குன்னு சொல்லிருவான். சாப்பிட்டுட்டுப் படு.”

அடுக்களைப் பக்கம் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பலாப்பழம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நினைத்தேன்.

பணம் கட்டப் பதினோரு நாள் இருந்தபோது மொத்தம் நூற்று அறுபத்தொரு ரூபாய்தான் சேர்ந்திருந்தது. சைக்கிள் கையைவிட்டுப் போவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. அன்றைக்குச் செடி பறிக்கும் மாணவர் கூட்டம் ஒன்று வந்து அண்ணனை மலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. பஸ் நிற்கும் இடத்தில் நான் தனியாக நின்றேன். ராஜபாளையத்திலிருந்து ஒரு வேன் வந்தது. பெரியவர்கள் பதினாலு, குழந்தைகள் ஒன்பது. புதுக் கல்யாணம் முடித்துக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவர்களுக்கு முழு வீடு வேண்டும்.

“தம்பி, வீட்டுல தேளு கீளு உண்டா?” என்று கேட்டார் அதில் பெரியவர்.

“எங்க வீட்டுல கெடையாது. எல்லாம் எதுத்த வீட்டுல” என்றேன்.

நாளொன்றுக்கு இருபது ரூபாய், பத்து நாள். முன்பணமாகவே இருநூறு ரூபாயை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார்கள். மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்த அண்ணன், வாசலில் கிடந்த இருபத்துமூன்று ஜோடிச் செருப்புகளைப் பார்த்தபடி மழையிலேயே நின்றான். “உள்ள வாலே, நனையுத” என்று அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். அன்றைக்குப் பறித்து வந்த செடிகளை அவன் தாளில் வைக்கவில்லை. வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

ராஜபாளையத்துக்காரர்கள் ஊருக்குப் போன அன்று ராத்திரி எல்லோரும் அடுக்களையில் உட்கார்ந்தோம். நூற்று அறுபத்தொன்றும் இருநூறும் முந்நூற்று அறுபத்தொன்று. முந்நூற்றைம்பது போகப் பதினொன்று மிச்சம். நான் விரலில்லாமலே போட்டு வைத்திருந்தேன். அப்பா நோட்டுகளை எண்ணினார், சில்லறையைத் தனியாக அடுக்கினார். அண்ணன் அரிசிப் பெட்டிமேல் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா ஒருதடவை அவனைப் பார்த்தார். பிறகு முன்கட்டுச் சுவரைப் பார்த்தார். ஒன்பது குழந்தைகள் பத்து நாள் எண்ணெய்க் கையோடு தடவிய சுவர் அது.

“வெள்ளையடிக்கணுமே” என்றார் அப்பா.

“எதுக்கு அத்தான் இப்ப வெள்ளை?” என்றார் மாமா.

“வாடகைக்கு விட்டதால வந்த செலவு, வாடகையிலதான் கழிக்கணும். சுண்ணாம்பு, கூலி, எல்லாம் நாப்பத்தஞ்சு ஆவும். போனா முந்நூத்திப் பதினாறு. முப்பத்திநாலு ரூவா கொறையுது.”

“முப்பத்திநாலு ரூவாதானே, இந்தாங்க, நான் தாரேன்!” மாமா இடுப்பில் கை வைத்தார்.

“கடன் வேண்டாம்னு சொல்லிட்டேன்லா மாப்ள.”

“இது கடனா? மருமவனுக்கு மாமன் குடுக்கது.”

“அப்ப அவன் கல்யாணத்துக்குக் குடு” என்றார் அப்பா. எழுந்து பணத்தை மாடத்தில் வைத்தார். “பாளையங்கோட்டைதான். அத்தைக்கு நாளைக்கே ஒரு கார்டு போட்டுருலே.”

அண்ணன் தலையாட்டினான். அவ்வளவுதான். ஆனால் நேராக எழுந்துபோய், பசிக்கிறது, சோறு இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டான். பத்து நாளில் அன்றைக்குத்தான் அவனாகக் கேட்டான். அவள் பானையை வழித்துப் போட்டாள். மாமா, “அருவி விழுந்துச்சு, ஆளும் வந்துச்சு, கடைசியில சுண்ணாம்பு கெடுத்துட்டே” என்று மறுநாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சைக்கிள் பாளையங்கோட்டைக்குப் போயிற்று. பஸ்மேல் அதைக் கட்டும்போது நான் அழுதேன். அண்ணன் சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மடியில் அந்தச் செய்தித்தாள் கட்டு.

ஆவணி போயிற்று, தீபாவளி வந்தது. வெள்ளையடிக்க யாரும் வரவில்லை. என் நெஞ்சு உயரத்துக்கு முன்கட்டுச் சுவரெல்லாம் ராஜபாளையத்துக் குழந்தைகளின் கைத்தடம் அப்படியே இருந்தது. “எப்பப்பா வெள்ளையடிக்க ஆளு வரும்?” என்று கேட்டேன். “வருவான்லே” என்றார். பொங்கலுக்கும் கேட்டேன். “வருவான்லே” என்றார். அம்மா அப்போதும் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

அடிக்காத வெள்ளைக்கு நாற்பத்தைந்து ரூபாயை யாராவது கழிப்பார்களா? எனக்கு அப்பாமேல் இரக்கமாக இருந்தது. கடை வைத்திருக்கிற மனிதர், பாவம், கழித்தல் வரவில்லை. வெளியில் தெரிந்தால் அவருக்குத்தானே அவமானம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வெகுநாள், பள்ளிக்கூடத்துக் கூட்டல் கணக்கை மட்டும் அவரிடம் காட்டினேன். கழித்தல் கணக்கை வாத்தியாரிடமே கேட்டுக்கொண்டேன்.