பல்லிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்காக அலுவலகத்தில் என் லேப்டாப் மூடியில் யாரோ சந்தனம் தடவ, சூடான பிளாஸ்டிக்கோடு கலந்த அந்த வாசனை என்னை நேராகச் சின்ன காஞ்சிபுரத்துக்கு, சிறுவயதில் நான் படித்த, இன்று செல்போன் கடையாகிவிட்ட கம்ப்யூட்டர் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனது. செருப்பை வாசலில் விட்டு, ஏசிக் குளிரில் கால் கூச, சனிக்கிழமைதோறும் மவுஸை உருட்டி உருட்டி நான் ஒரு பல்லி வரைந்தேன். வரதராஜப் பெருமாள் கோயில் தங்கப் பல்லிதான். அதைச் சேமித்திருந்த ஃபிளாப்பியின் தகட்டை நகர்த்தி, உள்ளே தெரிந்த கறுப்பு வட்டிலேயே பூஜையன்று குங்குமம் வைத்துவிட்டான், கூடப் படித்த முரளி. "மேல வெச்சா உள்ள இருக்கிற பல்லிக்கு எப்டிபா போய்ச் சேரும்?"

ஃபிளாப்பி கெட்டு என் பல்லி போயே போய்விட்டது என்று அழுதேன். சொல்லிக்கொடுக்கும் அக்கா சிரித்தார். "அழுதுக்கினு இருக்காதமா. இதுல இருந்தது வெறும் காப்பி. நீ வரைஞ்சது கம்ப்யூட்டருக்குள்ள அப்படியே இருக்குது." ஆனால் பூஜை போட்ட கம்ப்யூட்டரை மறுநாள்வரை தொடக்கூடாதாம். பார்க்காமல் எப்படி நம்புவது?

விஜயதசமி காலையில் பெட்டி உறுமி, திரை கண்சிமிட்டி, மெல்ல மெல்லத் தலையிலிருந்து வால்வரை என் பல்லி வந்து நின்றது. நான் குதிப்பதற்குள் முரளி திரையிலேயே அதன் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டான். "இப்போ சேந்துச்சுபா!"

அக்கா கம்ப்யூட்டரை அணைத்ததும் பல்லி மறைந்தது. கறுத்த கண்ணாடியில் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.