மஞ்சள் கோட்டில் வழி தப்பியவன்

செலே ஆற்றங்கரையில் எந்த ஊரில் இறங்கி ஜில்பேர் வீடு எங்கே என்று கேட்டாலும், "யாரு, வழி தப்பின ஜில்பேரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த மகானுபாவன் நான்தான்.

பிழைப்புக்கு நான் ஓட்டியது பள்ளிக்கூடப் பஸ். ஒரே சாலை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஆறு. இதில் வழி தப்ப வேண்டுமென்றால் தனித் திறமை வேண்டும், அது அப்போது என்னிடம் இல்லை. வாய் மட்டும் இருந்தது. "பிள்ளைகளா, ஆத்துக்கு அந்தப் பக்கம் பாருங்க! பாறை இடுக்குல சுவர் தெரியுது பாருங்க, அதான் ஆங்கிலேயன் கோட்டை!" என்று காலையிலும் மாலையிலும் கத்துவேன். எங்கள் பக்கத்தில் பாறைப் பொந்தில் நாலு கல் அடுக்கி இருந்தால் அது ஆங்கிலேயன் கோட்டைதான். அறுநூறு வருஷத்துக்கு முந்தின சண்டையில் அவன் கட்டினானோ, அவனுக்குப் பயந்து பிரெஞ்சுக்காரர்கள் நாங்கள் கட்டினோமோ, பெயரை அவன் அடித்துக்கொண்டு போய்விட்டான். பிள்ளைகள் ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரே ஒருத்தி ஒரு நாள் நிமிர்ந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் வாந்தி எடுக்கத்தான் நிமிர்ந்தாள்.

ஓய்வு பெற்றதும் நடைப்பயணச் சங்கத்தில் சேர்ந்தேன். ஒரு டப்பா மஞ்சள் பெயிண்டும் ஒரு பிரஷும் கொடுத்தார்கள். காட்டுப் பாதைகளில் மரத்துக்கு மரம் கோடு போட வேண்டும், நடக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துப் போவார்கள். அவ்வளவுதான் வேலை. நானோ அன்றைக்கே சரித்திரப் பேராசிரியன் ஆகிவிட்டேன். பழைய ஆலை, இடிந்த கோயில், புறாக்கூண்டு எதையும் விட்டுவைக்கவில்லை. செப்டம்பரில் பழஞ்சின்னங்களுக்கென்று நாடு முழுக்கக் கொண்டாடும் இரண்டு நாளும் ஊரைக் கூட்டிக்கொண்டு நடப்பேன். நான் வாயைத் திறந்ததும் ஜனங்கள் உட்கார இடம் தேடுவார்கள்.

என் மனைவி மரீஸ் மட்டும் வந்ததே இல்லை. "ஆத்தையும் தெரியும், பாறையையும் தெரியும், உன் பேச்சையும் தெரியும். நீ போய்ட்டு வா" என்பாள்.

மரீஸைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் அப்பா அன்செல்ம் சாகும்போது வீடும் வால்நட் தோப்பும் அவள் அண்ணன் ரொலானுக்குப் போயின. மரீஸுக்குக் கிடைத்தது காளான் இடம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. செப்டம்பர் மழை விழுந்ததும் காட்டில் செப் காளான் முளைக்கும். பழுப்புத் தலை, தடித்த கால், பூண்டோடு வதக்கினால் தெருவே மணக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இடம் உண்டு. அதைக் கட்டிய புருஷனுக்கும் சொல்ல மாட்டார்கள், பாவமன்னிப்புக் கேட்கும்போது பாதிரியாருக்கும் சொல்ல மாட்டார்கள். கிழவர் கடைசி நாளில் எங்கள் எல்லோரையும் அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டு, மகளின் காதில் மட்டும் சொன்னார். அவர் அவளுக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான்.

ரொலானுக்கு இது இன்றுவரை ஜீரணமாகவில்லை. மழை நின்றதும் அவனுக்கு மூக்கு வியர்த்துவிடும், தங்கச்சி பின்னாலேயே சுற்றுவான். அவள் காரைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டுப் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிடுவாள். எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? ஒரு தடவை ஆசையாகக் கேட்டேன். "ஆத்துக்கு ரெண்டு கரை இருக்கில்ல? அதுல ஒண்ணுல" என்றாள்.

போன வருஷம் கோடையில் அந்தக் கோட்டைச் சுவரை எட்டிப் பிடித்தே தீருவது என்று கிளம்பினேன். அக்கரையில் செஸ்நட் காட்டுக்குள் ஒரு பழைய பாதை முள் மண்டிக் கிடந்தது. அரிவாளால் வெட்டி வெட்டிக் கடைசியில் பாறை விளிம்புக்கே போய்விட்டேன். சுவரில் அம்பு விடும் துளை, அடுப்புப் புகை படிந்த கூரை, எல்லாம் அப்படியே இருந்தன. அழுகையே வந்துவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. நடைக்கு முந்தின நாள் தரையைப் பார்க்காமல் மரத்தையே பார்த்துக்கொண்டு போய்க் கோடு போட்டேன், குளியலறைக் கண்ணாடி முன் நின்று பேச்சை ஒத்திகை பார்த்தேன். மரீஸிடம் மட்டும், "இந்த ஒரு தடவை வாயேன், உனக்கு ஒரு அதிசயம் காட்டுறேன்" என்று கெஞ்சினேன்.

"அதிசயமா? நீ பேசாம இருந்தா அதுவே அதிசயம்" என்றாள். ஆனால் வந்தாள்.

ஊரே வந்திருந்தது. மேயர் வலேரி அம்மா புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். நடை முடிந்ததும் ஊராட்சிச் செலவில் ஒயின் ஊற்றுவார்கள் என்பதால் ரொலானும் வந்திருந்தான். பாலம் தாண்டி, நான் வெட்டிய பாதையில் திரும்பினேன். பின்னால் மரீஸின் குரல் கேட்டது.

"ஜில்பேர், எங்க போறோம்?"

"பொறு, பொறு! வந்து பாரு!"

"இந்த வழி யாரு வெட்டினது?"

"நான்தான்!" என்றேன். நெஞ்சை வேறு நிமிர்த்தினேன்.

அவள் மற்றவர்களை முந்திக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். நான் முன்னால் போய் ஒரு வளைவு திரும்பியதும் தொப்பென்று சத்தம். பார்த்தால் பாதை ஓரம் இலைச் சருகில் மரீஸ் உட்கார்ந்திருக்கிறாள். மழைக்கோட்டைக் கழற்றி இரண்டு பக்கமும் விரித்துப் போட்டிருக்கிறாள்.

"என்ன ஆச்சு?"

"கால் சுளுக்கிருச்சு."

காலை அவள் பிடித்துக்கொள்ளவில்லை. மழைக்கோட்டின் ஓரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வாழ்நாள் முழுக்க ஆள் அதட்டியவள், என்னைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அதுவரை அவளிடம் கண்டதில்லை. மழைக்கோட்டின் விளிம்புக்கு வெளியே ஒரு பழுப்புத் தலை எட்டிப் பார்த்தது. அதற்கு அப்பால் மரத்தடியில் இன்னொன்று. மேலே சரிவு நெடுக, கடவுளே, நான் வெட்டிய பாதை நெடுக!

கிழவர் மகளுக்கு விட்டுப்போன ஒரே சொத்துக்குள் நான் ஊரையே மேளதாளத்தோடு கூட்டி வந்திருக்கிறேன். அதுவும் ரொலானைச் சேர்த்து. அவன் வளைவுக்குக் கீழே மூச்சு வாங்கிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

கோட்டை இன்னும் கொஞ்ச தூரம்தான். கிளைகளுக்கு நடுவே சுவர் தெரிந்தது. எத்தனை வருஷமாக ஒருவரும் திரும்பிப் பார்க்காத சுவர்! இன்றைக்கு ஊரே அண்ணாந்து பார்த்திருக்கும், நான் பேசியிருப்பேன். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. பொய் சொல்வானேன்.

வளைவுக்கு ஓடி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"எல்லாரும் நில்லுங்க! திரும்புங்க! வழி தப்பிருச்சு!"

"என்னது?" என்றார் மேயரம்மா.

"வழி தப்பிட்டேன்மா. இது இல்ல பாதை."

"ஏங்க, உங்க தலைக்கு மேலயே மஞ்சக் கோடு இருக்கே?"

அண்ணாந்து பார்த்தேன். நேற்றுப் போட்டது, பளபளவென்று இருந்தது. "அது... தப்பாப் போட்டுட்டேன்."

அப்புறம் ரொலான் ஆரம்பித்தான். "மச்சான், அடுத்தவன் போட்ட கோட்டுல வழி தப்பினவன் உண்டு. தான் போட்ட கோட்டுலயே தப்பினவன் நீ ஒருத்தன்தான்யா!" காடே அதிரச் சிரித்தார்கள். "பஸ் ஓட்டும்போது எங்க பிள்ளைகள எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போனீங்களோ!" என்று யாரோ சொல்ல, இன்னொரு சிரிப்பு. என் மானம் கப்பலேறியது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு, ஆடு மேய்ப்பவன்போல எல்லோரையும் கீழே ஓட்டிக்கொண்டு போனேன். மரீஸ் கடைசியாக வந்தாள். சுளுக்கின காலில் அவள் நடந்த வேகத்தை நல்ல வேளை யாரும் கவனிக்கவில்லை.

ஒயின் ஊற்றும்போது மேயரம்மா என் தோளைத் தட்டி, "வயசாகுதில்ல, ஓய்வெடுங்க" என்றார். அடுத்த வருஷ நடைக்குத் தலைவன் ரொலான் என்று அங்கேயே முடிவாயிற்று. தார் ரோட்டிலேயே கூட்டிக்கொண்டு போகப் போகிறானாம், வழி தப்பாதாம். அன்றைக்கு வீட்டில் மரீஸும் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் பேசாமல் இருந்த ஒரே நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் சாம்பல் நிறப் பெயிண்டை எடுத்துக்கொண்டு கோடுகளை அழிக்கக் கிளம்பினேன். வாசலில் மரீஸ் கூடையோடு நின்றாள். "நானும் வரேன்" என்றாள். பாலம் தாண்டியதும் அவள் முன்னால் நடந்தாள், நான் மரம் மரமாக அழித்துக்கொண்டு பின்னால் போனேன். வளைவில் நின்று, "அங்க மிதிக்காத. என் கால் வெச்ச எடத்துல வை" என்றாள்.

வைத்தேன்.

"கோட்டைக்குப் போகணும்னு எவ்வளவு ஆசைப்பட்ட," என்றாள். திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் அப்போதே மண்டி போட்டுவிட்டாள். ஒரு தடித்த செஸ்நட் மரத்தடியில் சருகை விலக்கி, "அப்பா முதல்ல சொன்னது இந்த மரத்த. அதனால உனக்கும் இதுதான் முதல்ல" என்றாள்.

"மொத்தம் எத்தனை மரம்?"

"வருஷத்துக்கு ஒண்ணு காட்டுறேன். நீயே எண்ணிக்கோ."

இந்தச் சரிவில் மரங்கள் ஏராளம், எனக்கோ வயது அறுபத்தெட்டு. டாக்டரிடம் போய் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை கேட்டு வாங்கினேன், ராத்திரி இரண்டாவது கோப்பை ஒயினையும் நிறுத்திவிட்டேன். ஊரில் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு இப்போது சாக நேரமில்லை.