ரேடியோவின் குரல்

வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று அவனுக்கும் இருந்தது. கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே அதைத் தொலைத்துவிட்டான். ரேடியோ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். குரல் மாற்றிப் பேசுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதல்வர் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமுவது, கேண்டீன்காரர் கொட்டாவிக்கு நடுவே “என்ன வேணும்?” என்பது, நூலகத்து அம்மா “உஷ்” என்பது, எல்லாம் அவன் வாயில் அச்சு அசலாக வரும். ஒரு “உஷ்”ஷில் ஆளைக் காட்டுவதென்றால் சும்மாவா!

இந்தத் திறமையைக் கடவுள் எதற்காகக் கொடுத்தாரோ, புள்ளியியல் வகுப்பின் கடைசி பெஞ்சுக்காரர்கள் அதை வருகைப் பதிவுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

புள்ளியியல் சாருக்கு மாணவர்கள் என்றால் எண்கள்தான். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே கிடையாது. உள்ளே வருவார், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவார், குனிந்த தலை நிமிராமல் எண்களை வாசிப்பார். “எஸ் சார்” என்று சத்தம் வந்தால் ஒரு கோடு. வராவிட்டால் ஒரு சுழி. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் அளவுக்கு அவருக்கு உலகத்தின் மேல் சந்தேகம் இல்லை.

ஆகவே, வராதவர்கள் சார்பில் எல்லாம் ரேடியோதான் வந்தான். அறைத்தோழன் நெட்டைக்கு மூக்கடைத்த குரல். தூங்குமூஞ்சிக்குப் பாதியை விழுங்கிய “ஸ் சா”. ஒருமுறை, வகுப்பே அக்கா என்று கூப்பிடும் பெண்ணுக்குக்கூடக் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு குரல் கொடுத்தான். முன்வரிசைப் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கு அடியில் பேனா தேடினார்கள். அவனுடைய சொந்த எண் வரும்போது மட்டும், அன்றைக்கு எந்தக் குரல் மிச்சம் இருக்கிறதோ அதில் சொல்லிவிடுவான். ஒரு நாள் கரகரவென்று, ஒரு நாள் கீச்சென்று. அதை யாரும் கவனித்ததில்லை. அவனும்தான்.

நெட்டை, தூங்குமூஞ்சி, ரேடியோ மூவருக்கும் சலவைக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. கீழே இஸ்திரி போட ஆரம்பித்தால் மேலே தரை வெதுவெதுக்கும். குளிர்காலத்தில் அது சொர்க்கம், மற்ற மாதங்களில் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. நெட்டை தினமும் காலையில் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, “குட் மார்னிங்” என்று அதற்கே வணக்கம் சொல்வான். தூங்குமூஞ்சி விடியும் முன்பே எழுந்து வீடு வீடாகப் பால் பாக்கெட் போட்டுவிட்டு வருபவன்; அவனுடைய இரவு வகுப்பறையில்தான் தொடங்கும். சமையலுக்கு ஒரே ஒரு மின்சாரக் கெட்டில். முட்டையும் அதில், டீயும் அதில். டீயில் முட்டை வாசம் வருகிறது என்று சொல்பவன் அன்று அதைக் கழுவ வேண்டும் என்பது அறையின் சட்டம்.

எதிர் விடுதியில் இருந்த அக்கா யாருக்கும் கூடப்பிறந்த அக்கா இல்லை. ஒரு போன் கடையில் வேலை பார்த்துவிட்டுத் தாமதமாகப் படிக்க வந்தவள். வகுப்பில் எல்லோரையும்விட மூத்தவள். பாடம் நடத்தும் இளம் ஆசிரியர்களே வாய் தவறி “அக்கா” என்று கூப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதுண்டு.

எல்லோரும் தங்கள் கதையை ரேடியோவிடம்தான் கொட்டினார்கள். நெட்டையை ஒரு பெண் வேண்டாம் என்று சொன்ன அன்று, ரேடியோ நிலைப்படியின் குரலில், “நான் இருக்கேன்டா உனக்கு, தினமும் முட்டிக்கலாம்” என்றான். அழுதுகொண்டிருந்தவன் புரையேறும்வரை சிரித்தான். ஆனால் ரேடியோவைப் பற்றிக் கேட்டால் மட்டும் யாராவது ஒருவருடைய குரலில்தான் பதில் வரும். அம்மா இல்லை, அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார் என்பது வரைக்கும் தெரியும். அதற்கு மேல் கதவு சாத்தியிருந்தது.

கடைசிப் பருவத்தின் நடுவே அவனுக்குக் காய்ச்சல் வந்து பல வகுப்புகள் போயின. அந்த நாட்களில் அவன் எண் வந்தபோது வகுப்பு சும்மா இருந்தது. கெட்ட மனசால் அல்ல. குரல் கொடுப்பவன் அவன்தானே, அவனுக்கு யார் கொடுப்பது என்று யாருக்கும் உறைக்கவில்லை. காய்ச்சல் தெளிந்து வந்து பார்த்தால் சுழி சுழியாக நின்றது. சார் அறிவித்தும்விட்டார்: “வருகை குறைஞ்சவங்க பரீட்சை எழுத முடியாது. யார் வந்து அழுதாலும் சரி.” இனி ஒன்றிரண்டு வகுப்பு போனாலும் ரேடியோவுக்கு ஒரு வருடம் அம்போ.

அந்தச் சமயம் பார்த்துத்தான், கேண்டீனில் உட்கார்ந்திருந்தபோது ஊரிலிருந்து மெக்கானிக் மாமா கூப்பிட்டார். அப்பாவின் வேனைப் பார்த்துக்கொள்பவர், அப்பாவுக்கு இருந்த ஒரே சிநேகிதர்.

“தம்பி, பதறாதே. அப்பா வேன் கழுவும்போது வழுக்கி விழுந்துட்டாரு. தொடை எலும்பு முறிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணணுமாம். நீ வந்துட்டா நல்லதுப்பா.”

பதறாதே என்று ஆரம்பிக்கும் போனைக் கேட்டுப் பதறாதவன் யார்? ஆனால் ரேடியோ எழுந்து, கேண்டீன்காரர் குரலில் எதையோ சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வெளியே போனான்.

சலவைக் கடை வாசலில் அக்கா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கடா கிளம்பிட்ட?”

“சும்மா ஊருக்குத்தான்க்கா. போனதும் வந்துடுவேன்.”

“போனதும் வர்றவனுக்கு எதுக்குடா போர்வை?”

“மாணவர்கள் தேவையற்ற கேள்விகளைத் தவிர்க்கவும்” என்றான், முதல்வரின் குரலில், செருமல் உட்பட.

அக்கா சிரிக்கவில்லை. “விளையாடாதே. இப்ப வகுப்புக்கு வரலைன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?”

பஸ் வந்துவிட்டது. அவன் ஏறிவிட்டான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் கஷ்டம். மயக்கம் தெளிந்த அப்பா தண்ணீர் கேட்கக்கூட வெட்கப்பட்டார். படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிட வேண்டும், மற்றதும் படுக்கையிலேயே. “நீ வெளிய போடா, நர்ஸ் வரட்டும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரேடியோ அந்த நர்ஸின் குரலிலேயே, “பெரியவரே, என் பையன் மாதிரி அடம் பிடிக்காதீங்க” என்றான். அப்பாவுக்குச் சிரிப்பு வந்து, தையல் இழுத்து, வலியில் முகம் கோணி, மறுபடி சிரிப்பு வந்தது. அந்த இடைவெளியில் அவன் வேலையை முடித்துவிட்டான்.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். அவன் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான்.

“டேய், இங்க ஒரு கூத்து நடந்துபோச்சு. உன் நம்பர் வந்துச்சா, போன தடவை உனக்குக் காய்ச்சல் வந்தப்ப விட்டுட்டோமேன்னு எனக்கு மனசு கேக்கல. கர்ச்சீப்பை வாயில வச்சுக்கிட்டு ‘எஸ் சார்’னேன். அதே நேரத்துல நெட்டையும் சொல்லிட்டான். தூங்குமூஞ்சி, அதிசயமா முழிச்சிருந்தவன், அவனும் சொல்லிட்டான். நடு பெஞ்சு, முன் பெஞ்சுன்னு ஏழெட்டுப் பேர்டா! ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கவே இல்ல. எல்லாரும் தனித்தனியா உனக்குக் கைகொடுக்கிறதா நினைச்சிருக்கோம்.”

 ரேடியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சார்?”

“தலையைத் தூக்கிட்டாருடா! பாவம், பயந்துட்டாரு. ‘இதுல எது அந்தப் பையன் குரல்?’னு கேட்டாரு.” அக்காவின் குரல் இறங்கியது. “யாருக்கும் பதில் சொல்லத் தெரியல. பொய் சொல்றதுக்குக்கூடத் தெரியலடா. இத்தனை வருஷம் ஒண்ணா இருக்கோம். நெட்டை அழுதுட்டான். ‘ஒரே அறையில இருக்கேன்க்கா, அவன் குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல’ங்கிறான்.”

வராந்தாவில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வர, அவன் சுவரோரம் ஒதுங்கினான்.

“அடுத்த வகுப்புல உன்கிட்டயிருந்தே பதில் வரணுமாம். இல்லைன்னா பரீட்சை கிடையாதாம். எங்கடா இருக்க? ஏதோ வண்டி தள்ற சத்தம் கேக்குது.”

அவன் சலவைக் கடைக்காரர் குரலில் ஆரம்பித்தான். அவள் முடிக்க விடவில்லை.

“ரேடியோவை அணைச்சுட்டு நீ பேசுடா.”

தட்டுத் தடுமாறிச் சொன்னான்.  அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அடுத்த வகுப்பு நேரத்துல போனைக் கையில வச்சிரு” என்று மட்டும் சொன்னாள்.

அந்த நேரம் வந்தபோது அவனால் வராந்தாவுக்குக்கூட நகர முடியவில்லை. அப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் முதுகு சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். மறு கையில் போன். அதில் வகுப்பு கேட்டது. நாற்காலி உராயும் சத்தம், யாரோ இருமுவது, வரிசையாக எண்கள். பிறகு அவனுடைய எண்.

“சார், அவன் லைன்ல இருக்கான்” என்றது அக்காவின் குரல்.

வகுப்பு அடங்கியது. ரேடியோ வாயைத் திறந்தான். முதலில் நெட்டையின் மூக்கடைத்த குரல்தான் முந்திக்கொண்டு வந்தது. அதை விழுங்கினான். அடுத்து முதல்வர் வந்து நின்றார். அவரையும் அனுப்பினான். எல்லோரும் போன பிறகு, மெலிசாக, நடுவில் லேசாகப் பிசிறடிக்கும் ஒரு குரல் மிஞ்சியது. அத்தனை குரல் வைத்திருந்தவனுக்கு அது அப்படியொன்றும் பிரமாதமான குரல் இல்லை.

“நான் வரலை சார்.”

அப்பாவின் முதுகை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆகியிருக்கு. வீட்ல வேற யாரும் இல்ல. நான்தான் கூட இருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் வர முடியாது சார். அவங்களைத் திட்டாதீங்க. இப்படிக் குரல் கொடுக்கிற பழக்கத்தை ஆரம்பிச்சு வச்சதே நான்தான்.”

பேனா ஓடும் சத்தம் கேட்டது.

“வரலைன்னு போட்டுக்கறேன்” என்றார் சார். “ஆஸ்பத்திரிச் சீட்டை அனுப்பு. பார்க்கலாம்.” உடனே அடுத்த எண்ணை வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா போனதுக்கப்புறம் இந்தக் குரலை நான் கேக்கவே இல்லடா” என்றார்.

அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வேனின் முன்சீட்டு. வாயே திறக்காமல் வண்டி ஓட்டிய அப்பா. பின்னால் சண்டை போட்ட வாண்டுகளின் குரலில் அவன் ஒன்று சொல்ல, அப்பா அந்த மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தது. அன்று பிடித்ததை அவன் விடவே இல்லை.

“எனக்காகத்தான் நீ பண்றேன்னு தெரியும். சிரிச்சேன். ‘போதும்டா, நீ அழணும்னா அழு’ன்னு உன்கிட்ட சொல்லத் தெரியாமப் போச்சு எனக்கு.”

அவன் அழுதான். தேம்பித் தேம்பி, பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுதான். யார் முதுகை யார் தாங்குகிறார்கள் என்று தெரியாதபடி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வந்து இறங்கினார்கள். நெட்டை வார்டுக் கதவிலும் தலையை இடித்துக்கொண்டான். தூங்குமூஞ்சி, “அப்பாவை நான் பாத்துக்கறேன், நீ தூங்குடா” என்று சொல்லிவிட்டு, சொன்ன இடத்திலேயே தூங்கிப்போனான். அக்கா கெட்டிலோடு வந்திருந்தாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, “டீ நல்லா இருக்கும்மா, ஆனா முட்டை வாசம்…” என்று இழுத்தார். சட்டப்படி அவர் கழுவ வேண்டும்; வயதையும் எலும்பையும் பார்த்து மன்னித்துவிட்டார்கள். திரும்பும்போது ஆஸ்பத்திரிச் சீட்டை அக்கா பத்திரமாக வாங்கிக்கொண்டு போனாள். சாரிடம் கொடுத்தும் விட்டாள். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாரே தவிர, ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அப்பா வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியதும், மெக்கானிக் மாமா தன் வீட்டு முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டார். ரேடியோ கல்லூரிக்குத் திரும்பினான். பரீட்சை உண்டா இல்லையா என்று தெரியாது. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

சார் வந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. எண்கள் வந்தன. அவனுடைய எண் வந்தது.

“எஸ் சார்.”

கோடு போடப் போன பேனா நின்றது. சார் தலையைத் தூக்கவில்லை.

“வந்துட்டியா? அப்பா நடக்கிறாரா?”

வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து கத்தியபோது நிமிர்ந்த அந்தத் தலை, இப்போது நிமிர வேண்டிய அவசியமே இல்லாமல் குனிந்திருந்தது.

“வாக்கர் பிடிச்சு நடக்கிறார் சார்.”

“ம். முதல்வர்கிட்ட பேசிட்டேன். ஒழுங்காப் படிச்சுப் பரீட்சை எழுது.”

அடுத்த எண் தூங்குமூஞ்சியுடையது. அவன் மேஜையில் கன்னத்தை வைத்து ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தான். நெட்டை முழங்கையால் ரேடியோவை இடித்தான். ரேடியோவும் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தான். சொந்தக் குரல்தான் நாக்கில் நின்றது; அது சாருக்குத் தெரிந்த குரல், வாயை மூடிக்கொண்டான். தூங்குமூஞ்சிக்கு ஒரு சுழி விழுந்தது.