சித்தி கேட்ட படிக்கட்டு

பள்ளிக்கூட மண்டபத்தில், நனைந்த முந்தானையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு சித்தி எழுந்து நின்றது இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. அம்மாவின் தங்கை அவர். இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவர். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகச் சேர்ந்த புதிது. அடைமழையில், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் என்னும் வரிசை அறைகளுக்குப் பின்னாலிருந்த சரிவு நீளமாக வெடித்துவிட, இரண்டு லயத்துக் குடும்பங்களும் மூட்டை முடிச்சுகளோடு எங்கள் வகுப்பறைகளில் தங்கியிருந்தன.

புது வீடுகளைப் பற்றிப் பேச வந்த அதிகாரி ஒரு சிக்கலையும் கூடவே கொண்டுவந்தார். ஆபத்தில்லாத நிலம் பள்ளிக்கூடத்துக்குக் கீழே சிறு துண்டுதான். தனித்தனி வீடு கட்டினால் பாதிக் குடும்பங்களுக்கே இடம். மற்றவர்களுக்கு வேறு நிலம் கிடைக்கும்வரை பழைய லயமே கதி. மாடி வைத்துக் கட்டினால் எல்லாரையும் குடியேற்றலாம்.

மண்டபம் இரண்டுபட்டது. “படுத்துக்கெடக்குற லயத்தத் தூக்கி நிறுத்திட்டு, அத மாடின்னு சொல்றீங்களா?” என்று சித்தியின் பக்கத்து அறைக்காரர் கத்தினார். நானும் கைதட்டினேன். தலைமுறை தலைமுறையாகச் சுவரோடு சுவர் ஒட்டி, அடுத்த அறை இருமலைக் கேட்டபடி தூங்கிய சனம். ஒரு முற்றமும் வேலியும் கேட்டதில் என்ன தவறு?

வெடிப்புக்கு மிக அருகில் இருந்தவர் என்பதால் சித்திக்குத் தனி வீடு நிச்சயம். தான் வளர்த்த மாட்டுக்குக் கொட்டகை எந்தப் பக்கம் என்றுகூட முடிவுசெய்து வைத்திருந்தார். அவர்தான் எழுந்தார்.

“எனக்கு வீடு கெடைச்சிரும்ங்க. முன் லயத்துல இருக்கிற புள்ளத்தாச்சி எங்கங்க போவா? எல்லாருக்கும்னா மாடியே கட்டுங்க. ஆனா உள்ளுக்கே தண்ணியும் கக்கூசும் வேணும். வீட்டு உறுதிப் பத்திரத்துல பொம்பளைங்க பேரும் இருக்கணும். சீக்காளிய நாற்காலியோட தூக்கிட்டு எறங்குற மாதிரி படி அகலமா இருக்கணும்.”

“படி அகலமானா வீடு சுருங்குமேம்மா” என்றார் அதிகாரி.

“சுருங்கட்டும்ங்க. எங்க வீட்டுக்காரர கம்பளியில கட்டித்தான் ரோட்டுக்குத் தூக்கிட்டு ஓடுனோம். உசுரோட போய்ச் சேரலைங்க.”

முதலில் கத்தியவர் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

கேட்டதெல்லாம் உடனே கிடைத்துவிடவில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சித்தியும் நாலைந்து பெண்களும் பஸ் பிடித்துப் பதுளைக்குப் போய், அலுவலக வாசலில் காத்திருந்து, “பார்ப்போம்” என்ற பதிலோடு திரும்பினார்கள். திரும்பத் திரும்பப் போனார்கள். கட்டடம் எழுந்தது, படி அகலமாகவே வந்தது. உறுதிக்கு இன்னும் நெடுநாள் அலைய வேண்டியிருந்தது. கொட்டகைக்கு மட்டும் இடமில்லை. நமுனுகுலப் பக்கத்திலிருந்து வந்தவர் மாட்டை விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போன அன்று சித்தி சாப்பிடவில்லை. யாரும் விரும்பாத மேல்மாடி வீட்டைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது எனக்குப் பதுளை நகரத்தில் வேலை. நகரங்களுக்கு ஏற்றது அடுக்குமாடியா, தனி வீடா என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி வாதம் நடக்கும். என்னால் சட்டென்று ஒரு பக்கம் சேர முடிவதில்லை. அங்கே குடியிருக்கப் போகிறவர்களை யாராவது கேட்டார்களா என்றுதான் முதலில் கேட்பேன். அப்படிக் கேட்கும்போது, சித்தியின் பிள்ளை நான் என்ற பெருமிதத்தில் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

போன மழைக்காலத்தில், ஒரு பிற்பகல், அந்தச் சரிவு மொத்தமாக இறங்கியது. காலியாகக் கிடந்த இரண்டு லயங்களும் மண்ணுக்குள் போய்விட்டன. செய்தி கேட்டு ஓடிய நான் அன்று சித்தி வீட்டிலேயே தங்கினேன். காலையில் அவரோடு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் வரை நடந்தேன். வேலைக்கு வந்தவர்களின் பெயர்களை வழக்கம்போல் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் பதில் சொன்னது.