எக்ஸாஸ்ட் ஃபேன் நின்ற மூன்று நாள்

கள்ளிக்குப்பத்து ஹேமநாதன் அம்பத்தூரில் ஒரு மாத்திரைக் கம்பெனியின் பாய்லரைப் பத்தொன்பது வருஷமாக ஓட்டியவர். அந்த நீராவியின் சூட்டைக் குடித்துத்தான் பக்கத்து இயந்திரம் ஆபீஸ் முழுவதற்கும் குளிரைத் தந்தது. குளிர் அவர்களுக்கு, அனல் இவருக்கு. பாய்லர் அறையில் இருந்த ஒரே ஆறுதல், அனலை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன்.

போன சித்திரையில் அது பழுதாகி மூன்று நாள் நின்றது. வெந்துகொண்டே பாய்லரின் எண்ணெய் மீட்டரைப் பார்த்தவருக்கு ஆச்சரியம். அதே குளிருக்கு எண்ணெய் குறைவாகச் செலவாகியிருந்தது. பாய்லருக்குள் போகும் காற்றே சூடாக இருந்தால் எரிக்கும் எண்ணெய் மிச்சம் என்று புரிந்துவிட்டது. கம்பெனியின் எந்த என்ஜினீயருக்கும் தோன்றாத விஷயம்! வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும்.

"சார், ஃபேன் நின்னா எண்ணெ கம்மியா குடிக்குது சார். நானே கண்டுபுட்ச்சேன்" என்று மேனேஜர் கோபியிடம் போய்ச் சொன்னார்.

குளுகுளு ஹாலில் கைதட்டி அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். மறுநாள் ஃபேனைக் கழற்றி, ஓட்டையைச் செங்கல் வைத்துப் பூசினார்கள்.

"இன்னாயா, சட்ட பூரா உப்பு பூத்துகீது?" என்றாள் மனைவி நாகம்மாள்.

"கம்பெனிக்கு மிச்சம்டி, என்னால."

பத்தாம் நாள் மீட்டருக்குக் கீழேயே சுருண்டு விழுந்தார். நாலு பேர் ஓடிவந்து, கதவை அகலத் திறந்து, அவரைத் தூக்கினார்கள். பின்னால் வந்த கோபி கத்தினார்.

"யோவ், முதல்ல கதவச் சாத்துங்கய்யா! அனலெல்லாம் வீணாப் போகுது!"