கடைசி வண்டியின் காலி இருக்கை

மலேசியாவின் ஈப்போ நகரில் என் கணவர் சேர்ந்திருக்கும் மோட்டார் சைக்கிள் கிளப்பில் ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை இருபது வண்டிகள் வரிசையாகக் கிளம்பினால், கடைசியில் வருகிறவரின் பின் இருக்கையில் யாரும் உட்காரக்கூடாது, மனைவியானாலும் சரி. வழியில் எவர் வண்டியாவது நின்றுபோனால் அவரை ஏற்றிவர அந்த இடம். அதேபோல, சாலை பிரியும் ஒவ்வொரு முக்கிலும் ஒருவர் நின்று வழிகாட்ட வேண்டும். கடைசி வண்டி வரும்வரை அவர் அசையக்கூடாது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என ஆளுக்கொரு மொழி பேசும் இவர்கள் இந்த இரண்டையும் மீறி நான் பார்த்ததில்லை.

சென்ற மாதம் லூமுட் கடற்கரைக்குப் போனபோது கடைசி வண்டி என் கணவருடையது. நான் லிம் என்ற சீனரின் சைடு காரில் இருந்தேன். ரப்பர்த் தோட்டத்து முக்கில் நிற்கும் முறை லிம்முக்கு வந்தது. கடந்துபோன வண்டிகளை எண்ணினேன். இன்னும் இரண்டு வரவேண்டும்: ஒன்று கிளார்க் சாமிநாதனுடையது, மற்றது என் கணவருடையது. அரை மணி ஆயிற்று. அவர்கள் வரவேண்டிய பக்கமிருந்து மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அதன் முன்பக்கம் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தேன்.

திரும்பிப் போய்ப் பார்ப்போம் என்று கையைக் காட்டினேன். “துங்கு” என்றார் லிம். காத்திரு என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த பத்து மலாய்ச் சொற்களில் அதுவும் ஒன்று. சொல்லிவிட்டுச் சிரித்தார். பிஸ்கட் டின்னை நீட்டினார். ஈரமில்லாத மனிதர் என்று நினைத்தேன். “ஒங்க பொண்டாட்டி வரலேன்னா இப்படித்தான் சிரிச்சுக்கிட்டு நிப்பீங்களா?” என்று தமிழிலேயே கத்திவிட்டு, வந்த வழியே நடக்கத் தொடங்கினேன்.

இருபதடி போயிருப்பேன். எங்கள் ஊர் அன்னவாசல் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஒருநாள் புதுக்கோட்டை பஸ் பாதியில் நின்றுபோய், பொழுது சாய நடந்து வந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. அப்பா, ஆத்தா, சித்தப்பா எல்லாரும் என்னைத் தேடி ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள். நானும் அழுதுகொண்டே அவர்களைத் தேடிப் போனேன். ஒருவரையொருவர் கண்டுபிடிக்க வெகுநேரமாயிற்று. “பொட்டப்புள்ள படிச்சது போதும்” என்றார் சித்தப்பா. அப்பாவோ மறுநாளிலிருந்து பஸ் நிற்குமிடத்தில் வந்து நின்றார். நான் இறங்கும்வரை இங்கிட்டு அங்கிட்டு நகரமாட்டார். நான் பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடிக்கும்வரை அப்படியே நின்றார்.

திரும்பி வந்தேன். லிம் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மூன்று குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. அவர் கண் குச்சியில் இல்லை, என் கணவர் வரவேண்டிய சாலையிலேயே இருந்தது.

ஒருவழியாக என் கணவர் வந்துவிட்டார். பின் இருக்கையில் கையெல்லாம் கரியாகச் சாமிநாதன். நின்றுபோன வண்டியை ஒரு சாப்பாட்டுக் கடைவரை தள்ளிப்போய் விட்டு வந்தார்களாம்.

“பயந்துட்டியா?” என்றார் என் கணவர்.

“நான் எதுக்குப் பயப்படணும்? லிம்தான் மூணு தீக்குச்சிய வீணாக்கிட்டாரு.”

“அப்ப கண்ணு ஏன் தங்கச்சி செவந்திருக்கு?” என்று சிரித்தார் சாமிநாதன்.

“தூசிண்ணே.”

நேற்று ஊரிலிருந்து கடிதம் வந்தது. அப்பா சொல்லச் சொல்லச் சித்தப்பா எழுதியது. எப்போது வருவாய் என்று அப்பா கேட்கவில்லை. சாயங்கால பஸ் வரும் நேரத்துக்கு அவர் இன்னும் அங்கே போய் நின்றுவிட்டு வருகிறார் என்று, கடைசி வரியில் சித்தப்பா தாமாகச் சேர்த்திருந்தார்.

வரும் ஞாயிறு அந்த ரப்பர்த் தோட்டத்து முக்கில் நிற்கும் முறையை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். கடைசி வண்டி வரும்வரை அசையமாட்டேன். அன்னவாசலில் அப்பாவும் அசையமாட்டார். அவருக்கு இன்னும் வந்துசேராத வண்டி நான்.