ஏழாவது வளையம்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு காடாம், அந்தக் காட்டில் ஒரே ஒரு மரவட்டையாம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதை ஆரம்பித்திருந்தால் சின்ன வயதில் 'உம்' கொட்டியிருப்பேன், மரவட்டைகளை இனம் பிரிக்கும் வேலைக்கு வந்தபிறகு, "ஆணா, பெண்ணா?" என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. செய்கிற வேலையை வீட்டிலும் பஸ்ஸிலும் விளக்கி விளக்கியே அலுத்துப்போனவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆணைத் தேடி

அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் வெப்பாலங்காடு என்று ஒரு சின்னக் காடு. தயாளன் அண்ணனுக்கும் அவர் பங்காளிகளுக்கும் சொந்தமானது. மனை போட விற்றுவிட்டார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஜேசிபி வரும் என்று பேச்சு. அங்கேதான் நானும், எங்கள் ஆய்வுக்கூடத்துச் சற்குணம் அக்காவும், கறுப்பு உடம்பில் ஆரஞ்சு வரி ஓடும் தட்டை முதுகு மரவட்டை ஒன்றைப் பார்த்தோம். இதுவரை எழுதிவைக்கப்பட்ட எந்த இனத்தோடும் அது ஒத்துப்போகவில்லை.

புது இனமாக இருக்கலாம். ஆனால் நாங்கள் பார்த்தது பெண். இந்த மரவட்டைக் குடும்பத்தில் பெண்ணை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பதில்லை. வளர்ந்த ஆணுக்கு ஏழாவது வளையத்தில் ஒரு ஜோடிக் கால், நடக்க உதவாமல், இணை சேரும் கொக்கியாக மாறியிருக்கும். அந்தக் கொக்கியின் வடிவம்தான் இனத்துக்கு இனம் வேறு. காடு போவதற்குள் ஓர் ஆண் கிடைத்தாக வேண்டும்.

சருகைக் கிளறிய எங்களைத் தயாளன் அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"ரயிலு பூச்சிக்கு ஆம்பள பொம்பள பாத்து இன்னா தம்பி பண்ணப் போற, கல்யாணமா?"

சாயம் போனது

நிறத்தை வைத்தே பிரிக்கலாமே என்று பலரும் கேட்பார்கள். கூட வேலை பார்க்கும் பிரபு அப்படித்தான் செய்தான். மஞ்சள் புள்ளிக்கு ஒரு புட்டி, சிவப்பு வரிக்கு ஒரு புட்டி என்று சாராயத்தில் போட்டு வைத்தான். கொஞ்ச நாளில் சாயமெல்லாம் கரைந்து, எல்லாப் புட்டியிலும் ஒரே டீ நிறம். லென்ஸில் பார்த்தால் மஞ்சள் புட்டிக்குள் மூன்று இனம். சிவப்பில் இருந்ததும் மஞ்சளில் இருந்த ஒன்றும் ஒரே இனம். அக்கா கோபப்படவில்லை.

"கல்யாண வூட்டுல பொடவ கலர வெச்சு சொந்தக்காரங்கள கண்டுபுடிச்ச மாதிரி கீதுடா."

சிலைக் கூடம்

ஆரஞ்சு வரி கடற்கரைப் பக்கமும் இருக்குமோ என்று மாமல்லபுரத்துச் சவுக்குத் தோப்புகளில் தேடினேன். இல்லை, வேறு வகைதான் கிடைத்தது. மழைக்கு ஒரு சிற்பக் கூடத்தில் ஒதுங்கினேன். கல் செதுக்கும் ஏழுமலைக்கு என் வயதுதான் இருக்கும். மொபைலில் வேறோர் இனத்து ஆணின் கொக்கிப் படத்தைக் காட்டி, இது இல்லாமல் பெயர் சொல்ல முடியாது என்றேன். சிரிப்பான் என்று பார்த்தால், மூலையில் கை உடைந்து கிடந்த ஒரு சிலையைத் திரும்பிப் பார்த்தான்.

"கைல இன்னா புடிச்சிருக்குன்னு தெரியலன்னா இன்னா சாமின்னு நாங்களும் சொல்ல மாட்டோம் மச்சான்."

பஸ்ஸில் பாதாம்

அன்றைக்கே செங்கல்பட்டு பஸ்ஸில் திரும்பினேன். தொந்தரவு செய்தால் இந்த மரவட்டைகள் கசப்புப் பாதாம் வாசனை விடும். அதில் விஷமும் உண்டு. பள்ளத்தில் பஸ் தூக்கிப்போட, தோப்பில் பிடித்தவற்றோடு மடியிலிருந்த டப்பா குலுங்கி, வாசனை கிளம்பிவிட்டது. பக்கத்து சீட் அம்மா டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா கண்ணு, பாதாம் அல்வாவ மூடி வெச்சிக்கினு நீயே துன்னுவியா?"

டிபன் டப்பா

மழை நின்றது. வெப்பாலங்காட்டில் கிடைத்ததெல்லாம் பெண்கள், இல்லையென்றால் இன்னும் வளராத இளசுகள். ஜேசிபி வந்துபோன மறுநாள் நானும் அக்காவும் போனோம். மரம் இருந்த இடமெல்லாம் மண்ணும் மனைக்கல்லும். எங்களுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை.

தயாளன் அண்ணன் வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு, ஒரு டிபன் டப்பாவோடு நடந்து வந்தார். உள்ளே ஈரச் சருகு. அதன்மேல் ஆரஞ்சு வரி.

"தள்ளின மண்ணுல கெடந்துது. ஆம்பளையா பாரும்மா."

அக்கா லென்ஸை வைத்துப் பார்த்தார். ஒரு நொடியில் தெரிகிற விஷயம்தான். அவர் கண்ணை எடுக்கவே இல்லை.

"பொம்பளதான் அண்ணா."

"முட்ட வெக்குமா?"

"முன்னமே சேர்ந்திருந்தா வெக்கும். வளத்துப் பாக்கலாம். அதுல ஆண் பொறந்து, பல தடவ தோல் உரிச்சு, முழுசா வளரணும்."

அவர் மூடியைப் பதமாக மூடி அக்காவிடம் கொடுத்தார். கல் நட்ட மண்ணை ஒருமுறை பார்த்தார்.

"வளந்துச்சின்னா எங்க வெப்பாலங்காட்டு பேர வெச்சிடும்மா. டப்பா எனக்கு வேணாம்."

மனைக்கற்களுக்கு நடுவே நடந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெயர் தயாராக இருக்கிறது. அதற்குரிய மரவட்டைதான் இன்னும் பிறக்கவில்லை.